சர்வதேசச் சட்டமா, தொழிற்சட்டமா, காணிச் சட்டமா? மலையகச் சட்ட மாணவருக்கு ஓர் ஒப்பீடு

சட்டபீடங்களில் தெரிவுப் பாடப் படிவம் கொடுக்கும் நாட்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: “சேர், இன்டர்நெஷனல் லோ எடுக்கலாமா?” கேட்பவர்கள் பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள். குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவர்கள். அப்பாவோ அம்மாவோ இன்னும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்குப் பாடத் தெரிவு என்பது அறிவுத் தாகம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. சத்தியப்பிரமாணம் செய்து கறுப்புக் கோட்டுப் போட்ட அடுத்த மாதத்திலிருந்து வீடு அவர்களைத்தான் பார்க்கும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வதேசச் சட்டத்தைப் படியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். தொழிற்சட்டத்தை முதுகெலும்பாக வைத்து, அதன்மேல் சர்வதேசச் சட்டத்தைக் கட்டினால் மலையகத்தில் அதற்குப் பலன் உண்டு. தனியாக எடுத்தால் அது உங்களைக் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் கொண்டு போகும். போக விருப்பம் இருந்தால் அதுவும் நல்ல வழிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தின்மேல் ஏன் இத்தனை ஈர்ப்பு என்று யாரும் கேட்கத் தேவையில்லை. நம் குடும்பங்களின் கதையே சர்வதேசச் சட்ட வகுப்பில் படிக்க வேண்டிய கதை. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சமூகத்தையே நாடற்றதாக்கியது. கோடாக்கன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி வழக்காடி, அது அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953 இல் தோற்றது. யார் பிரஜை என்று தீர்மானிப்பது சட்டவாக்கத்தின் இயல்பான அதிகாரம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அந்த மீதியை 1974 இல் சிறிமாவும் இந்திராவும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் இரண்டு அரசுகள் இத்தனை பெரிய எண்ணிக்கையில் மனிதர்களைப் பகிர்ந்துகொண்ட உடன்படிக்கைகள் உலகத்தில் அதிகம் இல்லை. 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இந்தக் கணக்கு முழுதாகத் தீரவில்லை. பாட்டன், பூட்டியின் இந்த வரலாற்றைப் படிக்கும் மாணவிக்கு ‘நாடற்ற தன்மை’ என்ற அத்தியாயம் பாடப்புத்தகத்துக்கு வெளியே உயிரோடு இருக்கும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஈர்ப்பு வேறு, தொழில் வேறு. நாடற்ற ஆட்கள் பற்றிய 1954 ஆம் ஆண்டுச் சமவாயத்திலோ, நாடற்ற தன்மையைக் குறைப்பது பற்றிய 1961 ஆம் ஆண்டுச் சமவாயத்திலோ இலங்கை இன்றுவரை இணையவில்லை. 1951 அகதிகள் சமவாயத்திலும் இல்லை. நம் கதைக்கு மிகப் பொருத்தமான உடன்படிக்கைகளை நம் நாட்டு நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட முடியாது. இதை முதல் வருடத்திலேயே யாராவது சொன்னால் நல்லது.

இணைந்த உடன்படிக்கைகளின் நிலைமையும் சிக்கல்தான். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் இலங்கை 1980 இல் சேர்ந்தது. தனிநபர்கள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் முறையிட வழிதரும் நெறிமுறையில் 1997 இல் சேர்ந்தது. தண்டிக்கப்பட்டுச் சிறையிலிருந்த சிங்கராசா என்பவரின் வழக்கில் அந்தக் குழு 2004 இல் அவருக்குச் சார்பாகக் கருத்துச் சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 2006 இல் உயர் நீதிமன்றம் போனபோது, நெறிமுறையில் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடன்படிக்கை ஒரு பக்கம், உள்நாட்டுச் சட்டம் இன்னொரு பக்கம். பாராளுமன்றம் சட்டம் இயற்றி இரண்டையும் இணைக்காதவரை நீதவான் முன்னால் நின்று ஜெனீவாவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அப்படி இணைக்க 2007 இல் ஒரு சட்டம் வந்தது. அதைச் சாதாரண மக்கள் கேள்விப்பட்டதே, எழுத்துக்கும் பேச்சுக்கும் ஆட்களைக் கைது செய்ய அது பயன்பட்டபோதுதான்.

எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்று சொல்லவில்லை. 2000 ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற் வழக்கில் உயர் நீதிமன்றம் ஸ்ரொக்ஹோம், ரியோ பிரகடனங்களை எடுத்துப் பேசி, இயற்கை வளத்துக்கு அரசு பாதுகாவலன் மட்டுமே என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை மனுவில் சர்வதேசச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கத் தெரிந்த சட்டத்தரணிக்கு ஒரு மதிப்பு உண்டு. கவனியுங்கள், துணைக்குத்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அரசியலமைப்பின் 157 ஆம் உறுப்புரையின்படி, வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கையைத் தேசியப் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதது என்று பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரித்தால், அது நாட்டுக்குள் சட்டத்தின் வலுவைப் பெறும். மனித உரிமை உடன்படிக்கைக்கு இப்படி ஓர் உறுப்புரை கிடையாது. இருதரப்பு முதலீட்டு உடன்படிக்கையை வைத்து உலக வங்கியின் நடுத்தீர்ப்பு மையத்தில் ஒரு நாட்டுக்கு எதிராக நடந்த முதல் வழக்கே இலங்கைக்கு எதிரானதுதான். மட்டக்களப்பில் ஹொங்கொங் கம்பனி ஒன்று பங்கு வைத்திருந்த இறால் பண்ணை 1987 இல் இராணுவ நடவடிக்கையின்போது அழிந்தது. பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையைக் காட்டி கம்பனி வழக்குப் போட்டு, 1990 இல் 460,000 டொலர் வென்றது. அதே நடவடிக்கையில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குத் திறந்த சர்வதேசக் கதவு எது என்று நீங்களே தேடிப் பாருங்கள். சர்வதேசச் சட்டம் யாருக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று புரியும்.

சரி, வேலை? வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சு, சட்டமா அதிபர் திணைக்களம், ஐ.நா. அலுவலகங்கள், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, கொழும்பில் இருக்கும் ஆய்வு நிறுவனங்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி. பட்டியல் கேட்க நன்றாக இருக்கும். இடங்களோ மிகச் சில. போட்டிப் பரீட்சை, ஆங்கிலப் புலமை, கொழும்பு அறிமுகங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிகட்டி. அரசசார்பற்ற நிறுவன வேலைகள் திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ‘சர்வதேசச் சட்டம்’ என்று பெயர்ப்பலகை போட்டு உட்கார்ந்தால் கட்சிக்காரர் ஒருவரும் வரமாட்டார்.

தொழிற்சட்டத்தில் நிலைமை நேர் எதிர். கட்சிக்காரர் ஏற்கனவே வாசலில் நிற்கிறார், சட்டத்தரணிதான் இல்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 1983 இன் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்துக்குக் குறையாத தொழிலாளர் உள்ள இடத்தில் ஐந்து வருடமாவது வேலை செய்த, மாதச் சம்பளம் இல்லாத தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் பணிக்கொடை. 30 வருடம் கொழுந்தெடுத்த அம்மாவுக்கு 420 நாள் சம்பளம். 2024 இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால் 567,000 ரூபாய். தோட்டம் கை மாறியது, பதிவேடு காணாமல் போனது, நடுவில் சில வருடம் கைக்காசுக்கு வேலை செய்தாய் என்று ஆயிரம் காரணம் சொல்லி இந்தத் தொகையைத் தேய்ப்பார்கள். அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்ட நாட்களை எப்படிக் கணக்கிடுவது என்பதிலிருந்து, ஊழியர் சேமலாப நிதி நிலுவை வரை, தோட்டத்து அலுவலகத்தின் ஒவ்வொரு பதிவேடும் ஒரு வழக்கு. சம்பளப் போராட்டமே இப்போது நீதிமன்றத்துக்குள் வந்துவிட்டது. கூட்டு ஒப்பந்தம் உடைந்து, 2021 இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டபோதும், 2024 இல், 1,350 க்கு முன்னர், 1,700 ரூபாய் அறிவிக்கப்பட்டபோதும் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. இந்த வழக்குகளைக் கற்றுத் தேறிய மலையகச் சட்டத்தரணிகள் இன்னும் பலர் வேண்டும்.

தொழில் நியாய சபையில் ஒரு வசதியும் உண்டு, ஓர் இடைஞ்சலும் உண்டு. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்படி அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியும் தொழிலாளிக்காகப் பேசலாம். ஆகவே இளம் சட்டத்தரணி முதலில் போட்டியிட வேண்டியது இன்னொரு சட்டத்தரணியோடு அல்ல, முப்பது வருடம் வாதாடிப் பழகிய மாவட்டப் பிரதிநிதியோடு. அவரோடு சண்டைக்குப் போகாமல் சேர்ந்து வேலை பழகியவர்கள் கெட்டிக்காரர்கள். நியாயமும் ஒப்புரவுமான கட்டளை என்பதுதான் சபையின் அளவுகோல் என்பதால், விறைப்பான சட்ட நுணுக்கத்தைவிட உண்மைகளை நன்றாக அடுக்கத் தெரிந்தவர் அங்கே வெல்வார். இடைஞ்சல் காசுதான். வேலையிழந்தவரிடம் கட்டணம் எப்படிக் கேட்பது? முதல் சில வருடம் வேறு வழக்குகளும் பார்த்தே ஆக வேண்டும்.

இனி நான் முதலில் சொன்ன கட்டுமானத்துக்கு வருகிறேன். சர்வதேசச் சட்டத்தில் அரசுகள் மட்டுமில்லாமல் தொழிலாளியின் அமைப்பும் நேரடியாகக் கதவு தட்டக்கூடிய ஓர் இடம் உண்டென்றால் அது சர்வதேச தொழில் அமைப்பு. அங்கே அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று பேரும் ஒரே மண்டபத்தில் உட்காருகிறார்கள். தனியாள் ஒருவர் முறையிட முடியாது, தொழிற்சங்கம் முறையிடலாம். சமவாயத்தை அரசு ஒழுங்காக நடைமுறைப்படுத்தவில்லை என்று அவதானிப்பு அனுப்பலாம், சங்கம் சேரும் சுதந்திரம் பற்றிய குழுவுக்கு முறைப்பாடு கொடுக்கலாம். இலங்கை கூட்டுப் பேரம்பேசல் பற்றிய 98 ஆம் இலக்கச் சமவாயத்தை 1972 இலும், சங்கம் சேரும் சுதந்திரம் பற்றிய 87 ஆம் இலக்கச் சமவாயத்தை 1995 இலும் ஏற்றது. தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுதப்பட்ட 110 ஆம் இலக்கச் சமவாயம் ஒன்று உண்டு. அதை ஏற்ற நாடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதில் இலங்கையும் ஒன்று. சட்டபீடத்தில் படித்த எத்தனை மலையகப் பிள்ளைகள் அந்தச் சமவாயத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள்? சங்கங்கள் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. அந்த முறைப்பாட்டை ஆங்கிலத்தில், சம்பளச் சீட்டும் வேலை நாட் பதிவும் இணைத்து, ஜெனீவா எதிர்பார்க்கும் வடிவில் எழுதித்தர ஆள் வேண்டும். 2021 இறுதியில் சமகால அடிமைத்தனம் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா இலங்கைக்கு வந்தபோது தோட்டத் தொழிலாளரின் நிலைமையையும் எடுத்துப் பேசினார். அப்படி ஒருவர் வரும்போது சரியான ஆவணத்தை அவர் கையில் வைக்கத் தெரிந்தவர், தோட்டத்துப் பதிவேடும் ஐ.நா. நடைமுறையும் இரண்டும் அறிந்தவராக இருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையும் இதே வழிதான். 2010 இல் பறிபோய் 2017 இல் திரும்பக் கிடைத்த அந்த வரிச்சலுகை, மனித உரிமை, தொழில், சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்துவதோடு கட்டப்பட்டிருக்கிறது. உள்நாட்டு நீதிமன்றத்தில் கடிக்காத சமவாயம் ஏற்றுமதிக் கணக்கில் கடிக்கும். நம் பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளில் நிற்கும் காலத்தில் இது தூரத்து விஷயமல்ல.

காணிச் சட்டம் பற்றிக் கொஞ்சம். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு போட்டது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1990களில் பெருந்தோட்டங்கள் 53 வருடக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் போயின. இத்தனை கைமாற்றத்திலும் லயத்தில் குடியிருந்தவருக்கு ஒரு துண்டுக் காணி உறுதிப்பத்திரம் வரவில்லை. ஏழு பேர்ச் வீடுகள், பத்திரம் கொடுக்கும் விழாக்கள், 2014 இல் மீரியபெத்தையில் மண்சரிவில் போனவர்கள், எங்கே மீளக் குடியேற்றுவது என்ற இழுபறி எல்லாம் இந்தச் சட்டத்துக்குள்தான் வரும். வருமானத்துக்கும் இதுவே உறுதியான வழி. நொத்தாரிசுப் பரீட்சையையும் முடித்துவிட்டால் உறுதி எழுதும் வேலை வழக்கில்லாத மாதத்திலும் அடுப்பெரிய வைக்கும். தமிழில் உறுதி எழுத அனுமதிப்பத்திரம் எடுத்தால் மலையக நகரங்களில் வேலை உண்டு. ஆனால் ஒன்று: யாழ்ப்பாணத்து நண்பரின் தேசவழமைக் குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு வராதீர்கள், அது நம் ஆட்களுக்குப் பொருந்தாது; கண்டியச் சட்டமும் பொருந்தாது. நமக்குப் பொதுச் சட்டமும் ரோமன்-டச்சும்தான். சர்வதேசச் சட்டக் கனவோடு இருப்பவருக்கு இந்தப் பாடம் சலிப்பாக இருக்கும். சலிப்பான பாடங்கள்தான் பொதுவாகச் சோறு போடும் என்பது என் அபிப்பிராயம்.

வர்த்தகச் சட்டம், நடுத்தீர்ப்பு, தேயிலை ஏற்றுமதி ஒப்பந்தங்கள்: இதில் பணம் இருக்கிறது, மலையகத்தில் இல்லை. தேயிலை இங்கே விளைந்தாலும் 1883 முதல் ஏலம் போவது கொழும்பில். அங்கே பெரிய சட்ட நிறுவனங்களில் சேர முடிந்தவர் தாராளமாகப் போகட்டும்.

யாரும் கேட்காத, ஆனால் நான் எல்லாரிடமும் எடுக்கச் சொல்லும் பாடம் தனியார் சர்வதேசச் சட்டம். ‘சர்வதேசம்’ என்ற பெயரைப் பார்த்து இதையும் ஐ.நா. பாடம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது வேறு. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம், வெளிநாட்டுத் தீர்ப்பை இங்கே எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் விஷயம். மஸ்கெலியாவிலிருந்து குவைத்துக்குப் போன பெண்ணின் சம்பளப் பாக்கி, வெளிநாட்டில் இறந்தவரின் இழப்பீடு, ஒரு பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போன வழக்கு, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவின் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன குடும்பத்தோடு இன்னும் தீராத பிறப்பு, திருமண, பரம்பரைச் சொத்துச் சிக்கல்கள் எல்லாம் இதன் கீழ் வரும். பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் சமவாயத்துக்கு 2001 இல் இலங்கை தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது, ஆகவே அது நீதிமன்றத்தில் நேரடியாகக் கைகொடுக்கும். மாறாக, புலம்பெயர் தொழிலாளர் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1996 இல் இணைந்தது. நம் பெண்கள் வேலைக்குப் போகும் வளைகுடா நாடுகளில் ஒன்றும் இணையவில்லை. அனுப்பும் நாடு கையெழுத்திட்டு, எடுக்கும் நாடு கையெழுத்திடாத உடன்படிக்கையை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்று கட்சிக்காரரிடம் நேர்மையாகச் சொல்லத் தெரிவதே ஒரு திறமை.

அப்படியென்றால் பொதுச் சர்வதேசச் சட்டத்தை யார் முழுமையாக எடுக்கலாம்? ஆங்கிலத்தில் இருபது பக்கம் தடுமாறாமல் எழுத முடிகிறவர், வீடு முதல் ஐந்து வருடம் தன் சம்பளத்தை எதிர்பார்க்காதவர், மலையகத்தை விட்டு வாழத் தயங்காதவர். மூன்றும் இருந்தால் தயங்காதீர்கள், நம்மில் ஒருவர் அந்த மண்டபங்களில் இருப்பது நமக்கும் தேவை. ஜெசப் போன்ற மாதிரி வழக்காடல் போட்டிகளில் அணியாகச் சேருங்கள். வகுப்பில் மூன்று வருடம் படிப்பதை ஒரு பருவத்தில் கற்றுத் தரும். ஐ.நா.வின் ஒலி-ஒளி நூலகத்தில் உலகின் முன்னணிப் பேராசிரியர்களின் விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஹேக் சர்வதேசச் சட்ட அக்கடமியின் கோடைகால வகுப்புக்குப் புலமைப்பரிசில் உண்டு.

வீரமந்திரியின் பாதையையும் பாருங்கள். 1991 முதல் 2000 வரை சர்வதேச நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்து, அணு ஆயுத ஆலோசனைக் கருத்தில் 1996 இல் எழுதிய மாற்றுக் கருத்துக்காக உலகம் அறிந்தவர். அதற்கு முன்னால் அவர் கொழும்பில் வழக்காடியவர், இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசர், ஒப்பந்தச் சட்டம் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அடுத்த வருடம் 1997 இல் தனூப் ஆற்று அணைக்கட்டு வழக்கில் தனிக் கருத்து எழுதியபோது இலங்கையின் பழைய குளங்களையும் வாய்க்கால்களையும் உதாரணமாக எடுத்தார். உள்ளூர்ச் சட்டத்தில் வேர் விட்டவர்தான் அங்கே பேசினார்.

முதுமாணி எங்கே என்று கேட்பவர்களுக்கு: கொழும்பில் செய்தால் தொழிலை விடாமல் செய்யலாம். டெல்லி தெற்காசியப் பல்கலைக்கழகத்தின் சட்டபீடம் சார்க் நாட்டு மாணவருக்குத் திறந்தது, அங்கே சர்வதேசச் சட்டம்தான் முதன்மை. ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் செலவு எவ்வளவோ குறைவு. பிரிட்டனின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவும் தரும். ஆனால் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், முடித்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்கச் சொல்லும். கடன் வாங்கி, தோட்டத்துச் சேமலாப நிதியை எடுத்து, பட்டம் முடித்த கையோடு இலண்டனுக்குப் போவதை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மொழி விஷயத்தில் இரண்டு பாதைகளும் வேறு வேறு விலை கேட்கும். சர்வதேசச் சட்டத்துக்கு ஆங்கிலம். மலையக நீதிமன்றங்களிலும் தொழில் நியாய சபைகளிலும் வேலை நடப்பது பெரும்பாலும் சிங்களத்தில். அரசியலமைப்பு தமிழையும் நீதிமன்ற மொழி என்கிறது, மேசையில் இருக்கும் கோப்பு சிங்களத்தில் இருக்கும். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதியைப் பாராளுமன்றம் 2023 இல் தோற்கடித்ததால் தமிழில் எழுதிச் சட்டத்தரணியாக வரலாம். வந்தபின் தமிழ் மட்டும் போதாது. பல்கலைக்கழகத்தில் இருக்கும் நான்கு வருடத்தில் சிங்களத்தை வாசிக்கவும் எழுதவும் பழகிக்கொண்டால், பாடத் தெரிவு எதுவானாலும் முதல் வழக்கிலேயே அதன் பலன் தெரியும்.

அடுத்த வருடம் படிவம் நிரப்பப் போகிறவருக்கு என் வரிசை இதுதான்: தொழிற்சட்டம், தனியார் சர்வதேசச் சட்டம், இடமிருந்தால் மனித உரிமைச் சட்டம். பொதுச் சர்வதேசச் சட்டத்தை அடிப்படைப் பாடமாக ஒழுங்காகப் படியுங்கள், ஆய்வுக் கட்டுரைக்கு 110 ஆம் இலக்கச் சமவாயத்தை எடுங்கள். பட்டம், சட்டக் கல்லூரிப் பரீட்சைகள், ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் தொழில் வழக்குப் பார்க்கும் சீனியர் ஒருவரிடம் இரண்டு வருடம் நில்லுங்கள். முதுமாணி விண்ணப்பம் அதற்குப் பிறகு.